குதிரைக்கு எத்தனை பெயர்?

வ.புதுப்பட்டியில் நான் வளர்ந்த காலத்தில் குதிரை கிடையாது. மாடு, எருமை, ஆடு, கோழி, தெருவுக்கு நாலு நாய், அவ்வளவுதான். குதிரை பார்க்கணும்னா ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும். அங்கே ஜட்கா வண்டியில் பூட்டியிருந்த, விலா எலும்பு தெரிகிற ஒரு மட்டக்குதிரைதான் நான் பார்த்த முதல் உயிருள்ள குதிரை. மற்றதெல்லாம் உயிரில்லாதவை. அய்யனார் கோயில் வாசலில் பல்லைக் காட்டி நிற்கிற மண்குதிரை, பெருமாள் கோயில் குதிரை வாகனம், சித்திரையில் வைகையில் இறங்கும் அழகரின் தங்கக்குதிரை. அந்தத் தங்கக்குதிரையோடு எங்கள் பக்கத்துக்கு ஒரு சம்பந்தம் உண்டு. அதில் ஏறி வருகிற அழகர் அன்றைக்குப் போட்டிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகும் ஆண்டாள் மாலை. சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக ஏறினால் குதிரை ஊற்று என்று ஓர் இடமும் வரும். அந்த ஏற்றத்தில் குதிரை ஏறியிருக்குமா என்பதை, மூச்சு வாங்க ஏறியவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிப்பட்ட ஊரில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஆங்கில இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் பட்டியல் வந்தது. ஹார்ஸ் – மேர். கோல்ட் – ஃபில்லி. சத்தம் போட்டு மனப்பாடம் செய்தோம். "சார், கோல்ட்னா என்ன சார்?" என்று ஒருவன் கேட்டான். "குதிரைதான்டா." "ஃபில்லின்னா?" "அதுவும் குதிரைதான். எழுதிக்கோ." எழுதிக்கொண்டோம். மதிப்பெண்ணும் வந்தது. கேட்டவன் வீட்டுத் தொழுவில் அப்போது ஒரு கிடேரியும் ஒரு காளங்கன்றும் கட்டிக் கிடந்தன. அதைக் காட்டிச் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கும் பாடம். யாருக்கும் தோன்றவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், வாட்ஸப்பில் சுற்றி வருகிற ஒரு வகைச் செய்தி. தமிழில் குதிரைக்கு எத்தனை எத்தனை பெயர் பாருங்கள், ஆங்கிலத்தில் ஹார்ஸ் என்று ஒற்றைச் சொல்தான் என்பது ஒரு கட்சி. இதைக் கேட்டுக் கடுப்பாகி, ஆங்கிலத்தில் ஸ்டாலியன், மேர், கெல்டிங், ஃபோல், கோல்ட், ஃபில்லி, போனி, காப், நாக், ஹேக், ஸ்டீட், சார்ஜர், பால்ஃப்ரி என்று அடுக்கி, தமிழில்தான் ஒன்றுமில்லை என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் எண்ணிக்கையில் மல்லுக்கு நிற்கிறார்கள். எண்ணுவதற்கு முன்னால் என்னத்தை எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நம் நிகண்டுகளில் உள்ள பெயர்களை எடுத்துக்கொள்வோம். பரி, புரவி, இவுளி, மா, பாய்மா, கலிமா, கொய்யுளை, துரகம், அசுவம், அயம், வாசி, கந்துகம், கோடகம், கிள்ளை. இன்னும் உண்டு. இவற்றில் எதைச் சொன்னாலும் கேட்பவருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: குதிரை. பாய்மா என்றால் பாய்கிற விலங்கு. துரகம் என்றால் விரைந்து போவது. கொய்யுளை என்றால் கத்தரித்த பிடரி மயிர் உடையது. எல்லாம் தூரத்தில் நின்று வியந்து பார்த்தவன் வைத்த பெயர். அது ஆணா, பெண்ணா, பால்குடியா, கிழடா, காயடித்ததா, வண்டிக்கா, போருக்கா என்று ஒரு பெயரும் சொல்லாது. எதுகைக்கும் மோனைக்கும் உதவும். சந்தைக்கு உதவாது.

நிகண்டு வேறுபடுத்துகிற ஓர் இடம் உண்டு. அது இன்னும் வேடிக்கை. பாண்டியன் குதிரைக்குக் கனவட்டம், சோழன் குதிரைக்குக் கோரம், சேரன் குதிரைக்குப் பாடலம் என்று பெயர். குதிரையின் குணத்தை வைத்தோ வயதை வைத்தோ பிரிக்கவில்லை. சொந்தக்காரனை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். மந்திரி வீட்டுக் கார், கலெக்டர் கார் என்று நாம் சொல்கிற மாதிரி.

வாசி என்ற சொல்லை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும், எங்கள் பக்கத்து மலையோடு சம்பந்தப்பட்டதால். சித்தர் வழியில் வாசி என்றால் மூச்சு. ஓடுகிற மூச்சைக் குதிரையாக்கி, அதைக் கடிவாளம் போட்டு நிறுத்துவதை வாசியோகம் என்கிறார்கள். குதிரையே இல்லாத மலையில் குதிரைச் சொல் இவ்வளவு நன்றாகப் பிழைத்திருக்கிறது.

தமிழில் வகைச் சொல்லே இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தொல்காப்பிய மரபியலைத் திறந்தால் குதிரைக்கு ஆண் பெயர், பெண் பெயர், இளமைப் பெயர் மூன்றும் இருக்கின்றன. குட்டிக்கு மறி என்று பெயர். ஆட்டுக்குட்டிக்கும் மான்குட்டிக்கும் சேர்த்து அதே பெயர். பெண்ணுக்குப் பெட்டை, ஒட்டகம், கழுதை, மரை ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆணுக்கு? சேவல். ஆமாம், சேவல்தான். சிறகுள்ளவற்றின் ஆணுக்கெல்லாம் சேவல் என்று பொது விதி வைத்த அதே இயலில், குதிரையின் ஆணைச் சேவல் என்று சொல்வதும் வழக்கில் இருக்கிறது, அதைத் தள்ளக் கூடாது என்று தனியாக ஓர் ஏற்பாடு. பறக்கிற மாதிரி ஓடுவதால் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது சொல்லைப் பார்த்துவிட்டுப் பிறகு தேடிய காரணமாகத்தான் படுகிறது.

சிரிப்பதற்கு முன்னால் ஆங்கிலத்துப் போனியைப் பாருங்கள். ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. அதற்கு முன்னால் பிரெஞ்சில் குதிரைக்குட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் வேர் லத்தீனில் புல்லுஸ்: விலங்கின் குட்டி, குறிப்பாகக் கோழிக்குஞ்சு. பண்ணைக் கோழிகளைச் சொல்கிற பௌல்ட்ரியும் அதே வேர்தான். இங்கே குதிரையின் ஆண் சேவலாக இருந்தது. அங்கே மட்டக்குதிரை கோழிக்குஞ்சுக்கு உறவு. இரண்டு மொழியும் ஒன்றை ஒன்று கேட்டுச் செய்ததல்ல. வீட்டு வாசலில் நிற்கிற உயிருக்கு இருக்கிற பெயரைத்தான் புதிதாக வந்த உயிருக்கும் நீட்டுகிறார்கள்.

மறி இன்னும் சாகவில்லை. தமிழ் பைபிளில் எருசலேமுக்குள் ஏறி வருகிற கழுதைக்குட்டியை மறி என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில பைபிளில் அந்த இடத்தில் இருப்பது நம் பள்ளிக்கூடத்துக் கோல்ட். எங்கள் ஊரில் நாங்கள் அர்த்தம் தெரியாமல் கத்திய சொல்லுக்கு, பக்கத்துத் தெரு சர்ச்சில் குருத்தோலை ஞாயிறு தோறும் பதில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

பெண்குதிரைக்கு வடவை என்றும் ஒரு சொல் உண்டு, வடமொழியிலிருந்து வந்தது. கடலுக்கு அடியில் பெண்குதிரை முகத்தோடு ஒரு தீ எரிகிறது என்ற கதையால் வடவைத்தீ என்று பெயர் வந்து, கடைசியில் தீ மட்டும் நின்றது, குதிரை போய்விட்டது. வடவை என்றதும் குதிரையை நினைக்கிறவர் இன்று யாரும் இருக்க மாட்டார்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். அங்கே பொதுவாக, பிறந்தது ஃபோல். நாலு வயது வரை ஆண் கோல்ட், பெண் ஃபில்லி. அதற்கு மேல் பெண் மேர். விதை எடுக்காத ஆண் ஸ்டாலியன், எடுத்தது கெல்டிங். சென்னை கிண்டி ரேஸில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு. இன்ன பந்தயம் ஃபில்லிகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் அது கவிதை அலங்காரம் இல்லை. பணம் கட்டுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம். வயது குழப்பம் வரக் கூடாது என்று பூமியின் வடபாதியில் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1 தான் பிறந்தநாள் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுகிற மாதிரி.

இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் அது வேறொரு கதை சொல்கிறது. மேர், ஃபோல், ஸ்டீட் மூன்றும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை. கெல்டிங், ஃபில்லி இரண்டும் வடக்கேயிருந்து வந்தவர்களின் மொழி கொடுத்தது. பிரெஞ்சு பேசும் பிரபுக்கள் வந்த பிறகு போர்க்குதிரை டெஸ்ட்ரியர், வேகக் குதிரை கோர்சர், சொகுசாகப் போகிற பால்ஃப்ரி எல்லாம் வந்தன. டெஸ்ட்ரியர் என்றால் வலக்கைப் பக்கம் பிடித்து நடத்திக்கொண்டு போகிற குதிரை. ஸ்டாலியன் என்றால் கொட்டடியில் கட்டி வைத்திருப்பது. கவனியுங்கள், பிரபுக்களின் சொற்கள் குதிரையின் வேலையைச் சொல்கின்றன, குடியானவர்களின் சொற்கள் பாலையும் வயதையும் சொல்கின்றன. ஆங்கிலம் செழிப்பாக இருக்கிறது என்றால் இரண்டு வகை ஆட்கள் ஒரே விலங்கைக் கட்டித் தீனி போட்டார்கள் என்று பொருள்.

உழைத்துத் தேய்ந்த குதிரைக்கும் அங்கே சொல் உண்டு. அதில்தான் எனக்கு ருசி. லண்டனுக்குப் பக்கத்தில் கிராமமாக இருந்து இன்று நகரத்துக்குள் போய்விட்ட ஊர் ஹேக்னி. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் ஹேக்னி என்ற குதிரைப் பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது. சாதாரண சவாரிக் குதிரை, பிறகு வாடகைக் குதிரை, பிறகு வாடகை வண்டி. லண்டன் டாக்சிக்குச் சட்டத்தில் இன்றும் ஹேக்னி கேரேஜ் என்றுதான் பெயர். வாடகைக் குதிரை யார் வந்தாலும் ஏற்றிக்கொண்டு ஓடும், சீக்கிரம் நைந்துபோகும். அதனால் கூலிக்கு எதையும் எழுதுகிற எழுத்தாளன் ஹேக் ஆனான். எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்றொடர் ஹேக்னீட் ஆனது. ஜேட் என்ற சொல்லும் அப்படித்தான். ஓய்ந்துபோன குதிரை, பிறகு பெண்களைத் திட்டும் வசவு, இன்று எதிலும் ஆர்வம் அற்றுப்போன மனிதனைச் சொல்கிற ஜேடட். பச்சைக்கல் ஜேட் வேறு; அது ஸ்பானிய மொழி வழியாக வந்தது. நச்சரிக்கிற நாக் வேறு, கிழட்டுக் குதிரை நாக் வேறு. நைட்மேரில் இருக்கிற மேர் குதிரையே இல்லை. நெஞ்சில் ஏறி உட்காரும் பேய். ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று முடிச்சுப் போட்டால் இந்த மாதிரி இடங்களில் குதிரை கீழே தள்ளிக் குழியும் பறிக்கும்.

அந்த வகை முடிச்சு நம்மிடமும் உண்டு. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியைத் திருத்துகிறேன் என்று சொல்லி, அது மண்குதிர், ஆற்றில் இருக்கும் மணல் திட்டு என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் குதிர் என்றால் நெல் கொட்டி வைப்பது. மண்குதிரை என்றால் அய்யனார் கோயிலில் நிற்பது. அதில் ஏறி ஆற்றில் இறங்கினால் கரைந்துபோகும் என்பதைப் புரிந்துகொள்ள எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை.

சரி, தமிழில் ஏன் வியப்புப் பெயர்கள் பெருகி, வகைப் பெயர்கள் வாடிவிட்டன? காரணம் மொழியில் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. சங்க காலத்துப் பட்டினப்பாலையிலேயே குதிரை கடல் வழியாகத்தான் வந்து இறங்குகிறது. கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதை தொடங்குவதே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன இடத்தில்தான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரை உற்பத்தி ஆவதில்லை, அரசன் வருமானத்தைக் குதிரை வாங்கியே கரைக்கிறான் என்று எழுதுகிறார். சோறும் கறியும் ஆக்கிப் போட்டதில் குதிரைகள் செத்தன என்கிறார். நல்ல ஆணும் நல்ல பெண்ணும் சேர்ந்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறந்தது என்கிறார். குதிரை வைத்தியர்களை வியாபாரிகள் வரவிடவில்லை, செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம் என்பது அவர் கணக்கு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்று 220 பொன் தினார் என்கிறார். இரண்டு பேரும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்கள்தான். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் விஷயம் மாறாது. பிறந்து, பால் குடித்து, பல் முளைத்து வளர்வதைப் பார்த்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நம்மிடம் வந்து இறங்கியது முழுசாக வளர்ந்த குதிரை. அதற்குப் புகழ்ச்சி பாடலாம், கிடேரி என்று பேர் வைக்க முடியாது.

மாட்டுப் பக்கம் திரும்பினால் கதையே வேறு. கன்று, காளங்கன்று, கிடேரி, பசு, பொலிகாளை, காயடித்த எருது. ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது. தலையீத்து, சினை, வறட்டு மாடு. காரி, செவலை, மயிலை. ஏர் மாடு, வண்டி மாடு, கமலை மாடு, செக்கு மாடு, மலை மாடு. இந்தக் கடைசிச் சொல் எங்கள் பக்கத்துக்கே உரியது, மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டி போட்டு மேய்த்த மந்தைகள். ஆங்கிலக் குதிரைச் சொல் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு ஜோடி இருக்கிறது. ஸ்டாலியனுக்குப் பொலிகாளை. கெல்டிங்குக்குக் காயடித்தது. ஃபில்லிக்குக் கிடேரி. ஹேக்குக்கு? செக்குமாடு. அதுவும் தேய்ந்து, அதுவும் உவமையாகி, அதுவும் மனிதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதற்குப் பழமொழியே சாட்சி. இனாமாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்பது ஆங்கிலம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது தமிழ். பல் ஒன்று, சந்தை ஒன்று, கூச்சம் ஒன்று. விலங்கு மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே நம் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. நாவலில் ஸ்டாலியன் வந்தால் கம்பீரமான புரவி என்று எழுதுகிறார்கள். ஸ்டீட், கோர்சர், சார்ஜர் எது வந்தாலும் புரவிதான். நாக் வந்தால் வெறும் குதிரை. கதாசிரியன் ஒருவனைக் கிழட்டு நாக் மேல் ஏற்றி ஊருக்குள் வரவிட்டால் அவன் கையில் காசில்லை என்று பொருள். அதைப் புரவியாக்கினால் அந்த ஆள் ராஜகுமாரன் ஆகிவிடுகிறான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நொண்டிக் குதிரை, வண்டிக்குதிரை, மட்டம் எல்லாம் இருக்கின்றன. பொலிகாளை, பொலிகடா என்று சொல்கிற ஊரில் பொலிகுதிரை என்றால் யாருக்குப் புரியாது? புரவியிலிருந்து இறங்கி ஒரு தடவை மாட்டுத்தொழுவுக்குப் போய்வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பத்திரிகைகளில் இதைவிட மோசம். யாரும் எதிர்பாராத போட்டியாளரை ஆங்கிலத்தில் டார்க் ஹார்ஸ் என்பார்கள். 1831இல் டிஸ்ரேலி எழுதிய ஒரு நாவலின் பந்தயக் காட்சியிலிருந்து பரவியது. அங்கே டார்க் என்றால் ஆளுக்குத் தெரியாதது. நம் விளையாட்டுப் பக்கங்களில் அது கறுப்புக் குதிரை. கிரிக்கெட் அணிக்கும் குதிரையின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்பதில்லை, பழகிப்போனது.

குதிரை பேரம் மட்டும் தனி ரகம். ஆங்கிலத்தில் அது கறாராகப் பேரம் பேசி விட்டுக்கொடுத்து வாங்குவது. குதிரையின் குறையை மறைத்து விற்பவர்களால் வந்த பெயர். இந்தியாவுக்கு வந்ததும் எம்.எல்.ஏ.க்களை விலைக்கு வாங்குவது என்று ஒரே பொருளில் நின்றுவிட்டது. 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதிச் செய்திகள் ஓடியபோது டீக்கடையில் எல்லோரும் சொன்ன சொல் இதுதான். காயல் துறையில் நிஜமாகவே குதிரை பேரம் நடந்த நாட்டில், அந்தச் சொல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு எழுநூறு வருஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவனுக்கு எவ்வளவு என்று தெரியாது. சட்டசபை விவகாரத்துக்குத் துண்டு பேரம் என்பது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். இனி மாற்ற முடியாது, குதிரை ஓடிவிட்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டுத் தொழுவில் ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. பொலிகாளை தெருவில் எங்கேயும் இல்லை. சினை ஊசி போட டாக்டருக்கு ஃபோன் செய்கிறார்கள். உழவுக்கு டிராக்டர். மலைமாட்டுப் பட்டிகளும் காட்டுக்குள் விடாததால் குறைந்துகொண்டே வருகின்றன. மாடு கன்று போட்டிருந்தது. சித்தப்பா யாருக்கோ ஃபோனில், "கிடேரிதான்யா, கிடேரிதான்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் பேரன், இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது படிக்கிறவன், என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"கிடேரின்னா என்ன தாத்தா?"

கன்றைக் கைகாட்டினேன். "அது கன்னுக்குட்டில்ல?" என்றான்.

"பொட்டைக் கன்னுக்குட்டி. ஃபில்லி மாதிரி."

"ஃபில்லின்னா?"